ஊருக்கு என்ன வாங்கிப் போவது?

இரண்டு வருடங்களுக்கு முன் கோயம்புத்தூரிலிருந்து என் கல்லூரி நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். திருச்செந்தூரில் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பும் வழியில், "கூட்டமில்லாத கடல் ஒண்ணு காட்டுப்பா" என்றார். ஆத்தூரில் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து புன்னைக்காயலுக்குக் கூட்டிப்போனேன். பொதிகையில் புறப்படும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவந்து மன்னார் வளைகுடாவில் கலக்கிற இடம் அது. போர்த்துக்கீசியர் கோட்டை கட்டிய ஊர். தமிழைக் கற்று, தமிழில் அச்சுப் புத்தகம் கொண்டுவந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். இன்றைக்கு மீனவர் வீடுகள், தேவாலயம், கழிமுகத்தில் கட்டிக்கிடக்கும் படகுகள். ஊர்ப்பெயர் போட்ட பொருள் விற்கும் கடை எதுவும் அங்கே என் கண்ணில் பட்டதில்லை.

நண்பரின் எட்டு வயது மகள் குனிந்த தலை நிமிராமல் மணலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஓரம் உடைந்த ஒரு சிப்பி ஓட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வெளிப்பக்கம் சொரசொரவென்று அழுக்குப் பழுப்பு. திருப்பினால் உள்பக்கம் மயில்கழுத்து மாதிரி மினுங்கியது. கைக்குழந்தையாக இருந்த அவள் தம்பி அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான்.

அவர்கள் ரயிலேறும்போது பையில் மூன்று பொருள்கள் சேர்ந்திருந்தன. ஒன்று, இந்த உடைந்த சிப்பி. இரண்டாவது, திருச்செந்தூர் கடைத்தெருவில் வாங்கிய சங்கு. வெள்ளை வெளேரென்று மெருகேற்றி, மேலே சிவப்புப் பெயிண்டில் ஊர்ப்பெயர் எழுதியது. "என்ன அண்ணாச்சி, பிள்ளைய கூட்டிட்டு வந்துட்டு ஒண்ணும் வாங்காமலா போறீய?" என்று கடைக்கார அம்மா கேட்ட கேள்விக்கு நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாவது, தூத்துக்குடியில் கடைசி நேரத்தில் ஓடிப்போய் வாங்கிய இரண்டு பெட்டி மக்ரூன்.

இந்த வருடம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மக்ரூன் அன்றே பங்கு போட்டுத் தீர்ந்துவிட்டதாம். சங்கு, மாமியார் கேட்டதும் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. காசு கொடுக்காமல் பொறுக்கிய உடைந்த சிப்பி மட்டும் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், பஞ்சு வைத்த ஒரு சின்ன டப்பா மூடியில் உட்கார்ந்திருந்தது.

காசு போட்டு வாங்கியது கைமாறிப் போக, மணலில் கிடந்தது ஏன் தங்கியது? பயணம் போகிறவர்கள் எதையாவது ஏன் கொண்டுவருகிறார்கள், எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்ற கேள்வியை இந்த மூன்று பொருள்களை வைத்தே பார்த்துவிடலாம்.

பெயிண்ட் அடித்த சங்கிலிருந்து தொடங்குவோம். பயணம் என்பது கையில் எதையும் மிச்சம் வைக்காத செலவு. சேலை வாங்கினால் சேலை இருக்கும். மூன்று நாள் ஊர் சுற்றினால், திரும்பி வந்த திங்கட்கிழமை காலையில் அதே பால் பாக்கெட், அதே பேருந்து நிறுத்தம். போய்வந்ததற்கு உடம்பில் கொஞ்சம் வெயில் கறுப்பைத் தவிர அடையாளம் இல்லை. பெவர்லி கோர்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் பிடித்தார். அன்றாடத்திலிருந்து விலகிய சில நாட்களை அன்றாடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் தூதர்தான் நினைவுப்பொருள் என்பது அவர் பார்வை. அப்படிப்பட்ட பொருள்களை ஐந்து வகையாகவும் பிரித்தார்.

திருச்செந்தூர்க் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் அந்த ஐந்தும் கண்ணில் பட்டுவிடும். சண்முகர் படம், கோபுரப் படம்: இவை காட்சியைப் பிடித்தவை. கையடக்கமான பித்தளை வேல்: பெரிய ஒன்றைச் சின்னதாக்கிய சின்னம், பாரிஸில் விற்கும் விரல் நீள ஈஃபில் கோபுரத்துக்கு உறவுக்காரர். ஊர்ப்பெயர் பொறித்த சாவிக்கொத்து வளையம்: பெயரைச் சுரண்டிவிட்டால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது. கருப்பட்டி, பனங்கிழங்கு: அந்த மண்ணின் சரக்கு. ஐந்தாவது, அந்த இடத்திலிருந்தே பெயர்த்து எடுத்த துண்டு: மணல், கூழாங்கல், சிப்பி, கோயிலில் பன்னீர் இலையில் மடித்துத் தரும் திருநீறு.

நண்பர் வாங்கிய சங்கு இதில் எந்த வகை? கடலின் துண்டு, அதோடு பெயர் பொறித்தது. கடலில் விளைந்த சங்குக்கு மேலே பெயிண்டில் பெயர் எதற்கு? அவருக்காக அல்ல. பார்க்க வருகிறவர்களுக்காக. எங்கே வாங்கியது என்று கேட்கும் முன்பே பதில் சொல்லிவிடுகிற பொருள் அது. இதைச் சாட்சிப் பொருள் என்று சொல்லலாம். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலாவுக்கு நடந்துபோன யாத்திரிகர்கள் திரும்பும்போது ஒரு சிப்பியைத் தொப்பியிலோ பையிலோ தைத்துக்கொண்டார்கள். தைப்பதற்காக இரண்டு துளை போட்ட அந்தச் சிப்பிகள், கடலே பார்க்காத ஊர்களின் பழைய கல்லறைகளிலும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. போய்வந்ததற்கான சாட்சியைச் செத்தபின்னும் விடவில்லை.

சாட்சிப் பொருளுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அதன் வேலை தீர்ந்துவிடும். பார்த்தவர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது, அழகாக இருக்கிறதே என்று மாமியார் கேட்டார், கொடுத்தாகிவிட்டது.

அடுத்து மக்ரூன். இது வாங்கியவருக்கானதே அல்ல. வெளியூர் போய்விட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவது நம்மிடையே ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது. ஜப்பானியர்களிடம் இப்படி வாங்கி வருவதற்கு 'ஒமியாகே' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பயணம் போனவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கும்படி தனித்தனியாகச் சுற்றிய தின்பண்டங்களே அதில் பெரும்பகுதி. பங்கு பிரிக்க முடிய வேண்டும், எல்லோருக்கும் பிடிக்க வேண்டும், வீட்டில் இடம் அடைக்கக்கூடாது. இத்தனைக்கும் ஈடுகொடுப்பது தின்பண்டம்தான்.

ஆனால் எந்தத் தின்பண்டம்? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. கோவில்பட்டி கடலைமிட்டாய், மணப்பாறை முறுக்கு, திருநெல்வேலி அல்வா, உடன்குடிக் கருப்பட்டி, தூத்துக்குடி மக்ரூன் என்று ஊரோடு ஒட்டிக்கொண்ட பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இவற்றில் பெரும்பாலும் ஈரம் குறைவு, அல்லது சர்க்கரை மிகுதி. புன்னைக்காயலை நாக்கில் காட்ட வேண்டுமென்றால் கழிமுகத்தில் அன்று பிடித்த மீனின் குழம்பைவிடச் சிறந்தது வேறில்லை. ஆனால் அது கோயம்புத்தூர் வரை தாங்காது. ஊரில் ஆயிரம் ருசி இருக்கும். பேருந்திலும் ரயிலிலும் குலுங்கி, வெயிலில் வெந்து, மறுநாளும் கெடாமல் இருப்பது எதுவோ அதுதான் அந்த ஊரின் பெயரைச் சுமக்கிறது. வறட்சியில் பிழைத்த விதை மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போவதைப் போன்ற ஒரு சலித்தெடுப்பு இது. சல்லடை, பயணம்.

கெடாமல் இருப்பதன் சூட்சுமம் என்ன? உணவு கெடுவது அதிலுள்ள தண்ணீரின் அளவால் மட்டும் அல்ல. நுண்ணுயிர்களின் கைக்கு எட்டும் தண்ணீரால். ஒரு வீட்டில் பத்துக் குடம் தண்ணீர் இருக்கலாம். அத்தனையும் பூட்டிய அறைக்குள் இருந்தால் வாசலில் நிற்பவன் தாகத்துக்கு உதவாது. சர்க்கரை அப்படித்தான் தண்ணீரைத் தன்னோடு பிணைத்துப் பூட்டிவைக்கிறது. பூட்டாமல் கிடைக்கும் தண்ணீரை அளக்கும் கணக்குக்கு 'நீர்ச்செயல்பாடு' என்று பெயர். வெறும் தண்ணீருக்கு அது 1. ஏறக்குறைய 0.9க்குக் கீழே போனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் பெருக முடியாது. 0.6க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. அல்வா கையில் ஈரமாக வழுக்கினாலும் உடனே கெடாமல் இருப்பது இதனால்தான்.

மக்ரூன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையும் முந்திரிப் பொடியும் சேர்த்து, தாளில் கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் நெடுநேரம் உலரவிடுகிறார்கள். வெள்ளைக்கருவில் உள்ள புரதம் விரிந்து காற்றுக் குமிழ்களைச் சுற்றிச் சுவராகிறது. சர்க்கரை அந்தச் சுவரை நிறுத்துகிறது. சூடு ஈரத்தை வெளியேற்றுகிறது. மிஞ்சுவது காற்றை அடைத்த இனிப்புக் கூடு. அதன் எதிரி கிருமி அல்ல, காற்றின் ஈரம். பெட்டியைத் திறந்தே வைத்தால் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு கூம்பு நமத்துப்போகும். ஐரோப்பாவில் பாதாமில் செய்த பண்டம் இது. போர்த்துக்கீசியர் வழியாக இந்தக் கரைக்கு வந்தது என்பார்கள். பாதாமின் இடத்தில் உட்கார்ந்த முந்திரியும் அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான். வந்தவர்கள் விட்டுப்போனதை இப்போது வருகிறவர்கள் வாங்கிப்போகிறார்கள்.

இனி அந்த உடைந்த சிப்பி. அதில் பெயர் எழுதவில்லை, அதனால் சாட்சி சொல்லாது. பங்கு பிரிக்கவும் முடியாது. பின்னே என்ன செய்கிறது?

ஆங்கிலத்தில் நினைவுப்பொருளுக்கு 'சுவனீர்' என்கிறார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு 'நினைவுகூர்தல்' என்று பொருள். இன்னும் தோண்டினால் லத்தீனின் 'சுப்வெனீரே': அடியிலிருந்து மேலே வருவது. முத்துக்குளித்துறைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இங்கே 1961வரை முத்துக்குளிப்பு நடந்திருக்கிறது. குளிப்பவர் காலில் கல்லோடு இறங்குவார். மூச்சை அடக்கிக் கடலடிப் பாரில் சிப்பியைக் கூடையில் அள்ளுவார். கயிற்றை அசைத்ததும் மேலே படகில் இருப்பவர் இழுத்துவிடுவார். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள் என்பது கரையோரப் பேச்சு. நினைவும் அப்படித்தான் அடியில் கிடக்கிறது. இழுக்கக் கயிறு வேண்டும். உளவியலில் இதைத் 'தூண்டுகுறி' என்று சொல்லலாம். நம் வீட்டுப் பெண்கள் மறந்துவிடாமலிருக்க முந்தானையில் போட்டுக்கொண்ட முடிச்சும் தூண்டுகுறிதான். முடிச்சுக்குள் செய்தி எதுவும் இல்லை. ஆனால் விரலில் தட்டுப்பட்டதும் செய்தி வந்துவிடும்.

இதைச் சோதித்துப் பார்த்த மிகப் புகழ்பெற்ற ஆய்வில் பங்கெடுத்தவர்களும் கடலில் மூழ்குகிறவர்களே என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. 1975இல் டங்கன் கோடன், ஆலன் பாட்லி என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஒரு பல்கலைக்கழக முக்குளிப்புச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத 36 சொற்களைக் காதில் கேட்கவைத்தார்கள். ஒருமுறை கரையில் உட்கார்ந்து. ஒருமுறை சுமார் 20 அடி ஆழத்தில். பிறகு நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள், அதுவும் சில சமயம் கரையில், சில சமயம் தண்ணீருக்குள். கரையில் கேட்டதைக் கரையிலேயே எழுதியபோது சராசரி 13.5 சொற்கள், அதையே தண்ணீருக்குள் எழுதச் சொன்னபோது 8.6. தண்ணீரில் கேட்டதைத் தண்ணீரிலேயே எழுதியபோது 11.4, கரையேறி எழுதியபோது 8.4. கேட்ட இடத்தில் நினைவு வருகிறது, இடம் மாறினால் நழுவுகிறது. இதைச் 'சூழல்சார் நினைவு' என்கிறோம்.

உடனே ஒரு சந்தேகம் வரும். தண்ணீருக்குள் இறங்கி ஏறுகிற அலைக்கழிப்பில் சொல் மறந்திருக்கலாமே, இடம் என்ன செய்யும்? அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. கரையில் சொற்களைக் கேட்டவர்களைக் கடலில் இறங்கி மூழ்கச் செய்து, மறுபடி கரைக்கே கொண்டுவந்து எழுதவைத்தார்கள். சும்மா கரையிலேயே இருந்தவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆக, காரணம் அலைச்சல் அல்ல.

இந்தக் கதையை இத்தோடு நிறுத்திவிடுவதே வழக்கம், அது சரியல்ல. 2021இல் வெளியான ஒரு மறுசோதனையில் இந்த விளைவு தென்படவில்லை. அதற்கு முன் 2001இல், இவ்வகை ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து எடைபோட்ட ஸ்டீவன் ஸ்மித்தும் எட்வர்ட் வேலாவும், விளைவு உண்மைதான், ஆனால் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்த இன்னொன்று நமக்கு முக்கியம்: பழைய இடத்துக்கு உடம்போடு போக வேண்டியதில்லை, அந்தச் சூழலை மனத்தில் வரவழைத்துக்கொண்டாலும் நினைவு மேலே வருகிறது. கோயம்புத்தூர்க் கூடத்தில் உட்கார்ந்தபடியே புன்னைக்காயலை வரவழைக்க ஒரு கைப்பிடி கிடைத்தால் போதும்.

அந்தக் கைப்பிடி ஒரு போட்டோவாக இருக்கக்கூடாதா? நண்பரின் போனில் அன்று எடுத்த படங்கள் இருநூறுக்கு மேல் உண்டு. ஒன்றைக்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. போனைத் தேடித் திறந்தால்தான் படம் தெரியும். சிப்பியோ நாம் தேடாதபோது கண்ணில் படுகிறது. தூசி தட்டும்போது விரலில் சொரசொரக்கிறது. அதோடு, நகலெடுக்க முடிந்த பொருளுக்கும் ஒற்றைப் பொருளுக்கும் மனம் ஒரே மதிப்புத் தருவதில்லை.

அதைக் குழந்தைகளிடமே சோதித்திருக்கிறார்கள். புரூஸ் ஹூட், பால் புளூம் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விளக்கு மினுக்கும் இரண்டு பெட்டிகளைக் காட்டி, இது எந்தப் பொருளையும் அச்சு அசலாக நகலெடுக்கும் இயந்திரம் என்று மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளை நம்பவைத்தார்கள். சாதாரணப் பொம்மையை நகலெடுத்தபோது, நகலை எடுத்துக்கொள்ள அவர்களுக்குத் தயக்கமில்லை. தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் போர்வையையோ கரடிப் பொம்மையையோ கொண்டுவரச் சொன்னபோது நிலைமை மாறியது. சிலர் அதை இயந்திரத்தில் வைக்கவே சம்மதிக்கவில்லை. வைத்தவர்களில் பெரும்பாலோர் அசலையே திரும்பக் கேட்டார்கள். ஓர் இழை பிசகாத நகலானாலும் தன்னோடு தூங்கியது அது அல்லவே.

தொட்டதன் வழியே ஏதோ ஒன்று பொருளுக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது என்று மனம் நம்புகிறது. மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர் இதைப் பழங்குடி மந்திரங்களில் கண்டார். பால் ரோசின் என்ற உளவியலாளர் படித்த நகரவாசிகளிடமும் இது குறையாமல் இருப்பதைக் காட்டினார். தமிழனுக்கு இதற்குப் புதுச்சொல் தேவைப்படாது. நல்லது இறங்கினால் பிரசாதம், கைராசி. கெட்டது இறங்கினால் தீட்டு. இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே மனக்கணக்கு. கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் திருநீறும் பன்னீர் இலையில் வருவதும் வேதியியலில் வேறாக இல்லாமல் இருக்கலாம். என் அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கரையோடு சேர்ந்த ஒருவரிடமிருந்தே இதற்கு மிக அருமையான உதாரணம் இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், பிறகு கிழக்கே இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவு வரை போனார். அங்கிருந்து 1546இல் ஐரோப்பாவில் இருந்த சபைத் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், அவர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கையாலேயே போட்ட பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தன்னோடு வைத்திருப்பதாகச் சொல்கிறார். பெயர்கள் தெரியாமலா? தன் கையாலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் தோழர் கை பட்ட மைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

வந்த வழி பொய்யென்று தெரிந்தால் பொருளின் மதிப்பு ஒரே நொடியில் கவிழும். வலம்புரிச் சங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்குகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பக்கமாகச் சுருள்பவை. லட்சத்தில் ஒன்று போல எப்போதாவது எதிர்ப்பக்கம் சுருண்டு பிறக்கிறது, அதுவே வலம்புரி. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் வேறொரு சாதிச் சங்கு இருக்கிறது. அதற்குப் பிறவியிலேயே அந்த எதிர்ச்சுருள்தான். அங்கே அது சாதாரணம். அதைக் கொண்டுவந்து மெருகேற்றி இங்கே வலம்புரி என்று விற்பதுண்டு. கண்டுபிடிக்கும் வழி இது: வாய்க்குள் விரலைவிட்டு நடுத்தண்டைத் தடவிப் பாருங்கள். நம் சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு வரம்பாகத் தட்டுப்படும். மற்றதில் தண்டு வழவழவென்று இருக்கும். சுருளும் நிறமும் அப்படியே இருந்தும், அந்த வழவழப்பு விரலில் பட்ட கணத்தில் வாங்கியவர் முகம் வாடிவிடும். எந்தக் கடல் என்பதுதான் அவர் கொடுத்த விலை.

சங்கு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதைக் காதில் வைத்தால் கடல் கேட்கும் என்று நாம் எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். அது கடலும் அல்ல, சிலர் சொல்வதுபோல் நம் ரத்தம் ஓடும் ஓசையும் அல்ல. நம்மைச் சுற்றி எப்போதும் மெல்லிய இரைச்சல் இருக்கிறது: மின்விசிறி, தெரு, காற்று. சங்கின் குழிவுக்குள் அடைபட்ட காற்று அந்த இரைச்சலில் தனக்கு ஒத்த சில சுருதிகளை மட்டும் வாங்கி ஓங்கச் செய்கிறது. இது ஒத்ததிர்வு, புல்லாங்குழலும் காலிப்பானையும் செய்கிற வேலை. எப்படித் தெரியும்? வெளிச்சத்தம் அறவே நுழையாத அறையில் சங்கைக் காதில் வைத்தால் கடல் அடங்கிவிடுகிறது. ரத்த ஓட்டம்தான் காரணமென்றால் அங்கேதான் இன்னும் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும். ஓடிவந்து நெஞ்சு படபடக்கும்போது வைத்தாலும் ஓசை கூடுவதில்லை. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. குழிவு வேண்டும். தட்டையான சிப்பி ஓட்டுக்கு இந்த வித்தை தெரியாது.

சிப்பிக்கே வருவோம். ஒரு குழந்தை ஒரு சிப்பியை எடுத்துப்போனால் கடலுக்கு என்ன குறைந்துவிடும் என்று நானும் நினைத்ததுண்டு. ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரத்தில் யார்கா என்ற கடற்கரையில் 1978 முதல் 1981 வரை மாதாமாதம் சிப்பி ஓடுகளை எண்ணிவைத்திருந்தார்கள். அதே இடத்தில் அதே முறையில் 2008 முதல் 2010 வரை மறுபடி எண்ணினார்கள். இடைப்பட்ட முப்பது ஆண்டில் அந்தப் பகுதிக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் ஏறக்குறைய மூன்று மடங்காகியிருந்தார்கள். ஓடுகள் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. மீன்பிடியோ கட்டுமானமோ அங்கே பெரிதாகக் கூடவில்லை. சிப்பி பொறுக்கிய கைகளும், கடற்கரையைச் சுத்தப்படுத்தும் வண்டிகளும் பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்றார் ஆய்வை நடத்திய மிஹாவ் கோவலேவ்ஸ்கி. வெற்று ஓடு நமக்குத்தான் வெறும் ஓடு. துறவி நண்டுக்கு அது வீடு, கடற்பாசிக்குத் தரை. கரைந்தால் மணலுக்கும் நீருக்கும் சுண்ணாம்பு.

உயிரோடு பெயர்த்தெடுப்பவற்றைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டுகள்தான் இந்தக் கரை மீனவனின் நாற்றங்கால். 2001இல் பவளங்கள், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றையும் சில அரிய சங்கு, சிப்பி வகைகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் சேர்த்தார்கள். அலமாரிக்காக ஒரு பவளக் கிளையை வாங்குவது புலித்தோல் வாங்குவதற்குச் சமமான குற்றம். யாராவது துணியில் சுற்றி நீட்டினால் வாங்காதீர்கள். அழகாக இருந்தாலும், மலிவாக இருந்தாலும்.

நண்பர் வீட்டுக்குத் திரும்புகிறேன். சிப்பியை நான் கையில் எடுத்துப் பார்ப்பதைக் கண்டதும் அவர் மகள் ஓடிவந்தாள். இப்போது பத்து வயது. "மாமா, அன்னைக்கு எப்படி மழை கொட்டுச்சு, ஞாபகம் இருக்கா? நனைஞ்சுக்கிட்டே போட்ல போனோமே!" என்றாள். நாங்கள் படகில் ஏறவே இல்லை. அவள் அப்பாவின் போனில் இருந்த படங்களைத் தேடி எடுத்தோம்: மணலில் எங்கள் நிழல்கள் கறுகறுவென்று விழுந்திருந்தன. அப்படி ஒரு வெயில்.

அவள் பொய் சொல்லவில்லை. நரம்பியல் ஆய்வாளர் கரீம் நாதரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். ஒரு சத்தத்தைக் கேட்டால் பயப்படப் பழகிய எலிக்கு அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்கவைத்து, உடனே மூளையில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால், நன்றாகப் பதிந்திருந்த அந்தப் பழைய பயமே தேய்ந்துபோகிறது. சத்தத்தை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் கொடுத்தால் ஒன்றும் ஆவதில்லை. அதாவது, வெளியே எடுத்த நினைவைத் திரும்ப உள்ளே வைக்கும்போது மூளை அதைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. இதை 'மறுபதிவு' எனலாம். மனித நினைவிலும் இது நடக்கிறதா, எந்த அளவுக்கு என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஆனால் சிப்பியைக் காட்டி வகுப்புத் தோழிகளுக்கும், பக்கத்து வீட்டுக்கும், தம்பிக்கும் அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் கதையில் ஏதோ ஒன்று சேர்ந்திருக்கிறது; அந்த மழை எந்த முறை வந்தது என்று அவளுக்கே தெரியாது.

தம்பிக்கு இப்போது மூன்று வயது நெருங்குகிறது. புன்னைக்காயலில் அவன் கண்ணைத் திறந்ததே இல்லை. அக்கா பேசி முடித்ததும் என் கையிலிருந்த சிப்பியைப் பிடுங்கிக்கொண்டான். தட்டையான அந்த ஓட்டைக் காதோடு அழுத்தி, வாயைப் பிளந்தபடி சற்று நேரம் நின்றான்.

"கேக்குது" என்றான்.